நாற்றங்கால்

கொல்கத்தாவின் தென்பகுதியில், லேக் மார்க்கெட்டைச் சுற்றியுள்ள தெருக்களில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. வாழையிலையும் மல்லிகைச் சரமும் கறிவேப்பிலையும் அந்தச் சந்தையில் எளிதாகக் கிடைக்கும். அப்பகுதியிலுள்ள ஒரு வீட்டிற்கு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் வாடிய முகத்துடன் திரும்பி வந்தான். பெரிய கால்பந்துப் பயிற்சிக்கூடம் ஒன்று நடத்திய தேர்வுக்கு அவன் சென்றிருந்தான். நூற்றுக்கணக்கான சிறுவர்கள் அங்கே வந்திருந்தார்கள். மாலையில் ஒட்டப்பட்ட பட்டியலில் இருந்த பெயர்களோ மிகச் சில.

"பட்டியலில் என் பெயர் இல்லை, தாத்தா" என்றான் சிறுவன்.

கும்பகோணத்தை அடுத்த சிற்றூரிலிருந்து பேரப்பிள்ளைகளைப் பார்க்க வந்திருந்த தாத்தா, அவனை அருகில் அமர்த்திக்கொண்டார். "அதனால் என்ன, கண்ணா? நாளை முதல் எங்கே ஆடப் போகிறாய்?" என்று கேட்டார்.

"பழைய கழகத்தில்தான். ஆனால் அது சின்னக் கழகம், தாத்தா. அங்கிருந்து யாரும் பெரிய ஆட்டக்காரராக வருவதில்லை."

தாத்தா சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "நீ நாற்றங்காலைப் பார்த்திருக்கிறாயா?" என்று கேட்டார். நகரத்திலேயே பிறந்து வளர்ந்த சிறுவன் பார்த்ததில்லை. தாத்தா விளக்கினார்: "வயலின் ஒரு மூலையில் சிறிய இடத்தைச் சேறாக்கி, விதைநெல்லை நெருக்கமாகத் தெளிப்போம். நாற்று வளர்ந்ததும் பறித்து, முடி முடியாகக் கட்டி, பெரிய வயலுக்குக் கொண்டுபோய் நடுவோம். கதிர் முற்றி அறுவடை நடக்கும்போது நாற்றங்காலை யாரும் நினைப்பதில்லை. ஆனால், அந்தச் சின்ன மூலை இல்லாமல் அறுவடை ஏது?"

சிறுவன் கூறியது உண்மைதானா? சிறிய கழகங்களிலிருந்து பெரிய ஆட்டக்காரர்கள் வருவதில்லையா? இந்நகரத்தின் கால்பந்து வரலாறு வேறு விடை தருகிறது.

இந்தியக் கால்பந்தின் தந்தை எனப் போற்றப்படுபவர் நாகேந்திர பிரசாத் சர்வாதிகாரி. 1877ஆம் ஆண்டு, சிறுவனாக இருந்தபோது, தாயாருடன் கங்கையில் நீராடச் செல்லும் வழியில் ஆங்கிலேயர்கள் பந்தாடுவதை அவர் கண்டார் என்றும், தம்மை நோக்கி உருண்டு வந்த பந்தைத் திருப்பி உதைத்தார் என்றும் வழிவழியாகக் கூறுவர். பின்னர் அவர் பள்ளித் தோழர்களைத் திரட்டி ஆட்டத்தைப் பரப்பினார், கழகங்களையும் தோற்றுவித்தார். அவற்றுள் ஒன்று வெலிங்டன் கழகம். அக்கழகத்தில் மணி தாஸ் என்னும் குயவர் குடும்பத்து இளைஞரைச் சேர்க்க அவர் விரும்பினார். உயர்குலத்தவர் எனத் தம்மைக் கருதிய உறுப்பினர் சிலர் அதை எதிர்த்தனர். நாகேந்திர பிரசாத் பணியவில்லை. அந்தக் கழகத்தையே கலைத்துவிட்டார். பின்னர் 1887இல் சோபாபஜார் கழகத்தைத் தொடங்கி, மணி தாஸை அதில் சேர்த்துக்கொண்டார். அந்தச் சோபாபஜார் கழகம் 1892ஆம் ஆண்டு டிரேட்ஸ் கோப்பைப் போட்டியில் ஈஸ்ட் சர்ரே என்னும் ஆங்கிலேயப் படைப்பிரிவின் அணியை வென்றது.

ஆட்டத்தில் பெற்ற வெற்றியைவிட, கழகத்தின் கதவைத் திறந்து வைத்த செயலே பெரிது. கழகம் என்பது ஆடத் தெரிந்தவர்கள் கூடும் இடம் மட்டும் அன்று. ஆட விரும்பும் எவருக்கும் இடம் கொடுக்கும் அமைப்பு. இவ்வெண்ணம் இந்நகரத்துக் கால்பந்தின் தொடக்கத்திலேயே வேரூன்றியது.

கொல்கத்தாவின் நடுவே விரிந்து கிடக்கிறது மைதான் என்னும் பெருவெளி. அது இராணுவத்தின் பொறுப்பில் இருப்பதால், கழகங்கள் அங்கே 'கூடாரம்' என்றே வழங்கும் எளிய அலுவலகங்களை அமைத்துக்கொண்டுள்ளன. மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் ஆகிய மூன்று பெருங்கழகங்களின் பெயர்களை நாடே அறியும். அவற்றின் நிழலில் பல சிறிய கழகங்களும் வாழ்கின்றன. 1884இல் தோன்றிய ஏரியன் கழகம் அவற்றுள் ஒன்று. ஈஸ்ட் பெங்கால் ஆடும் மைதானத்தையே அதுவும் பகிர்ந்துகொள்கிறது.

ஏரியன் கழகத்தின் உயிராக விளங்கியவர் உமேஷ் சந்திர மஜும்தார். துக்கிராம் என்னும் பெயராலேயே மக்கள் அவரை அறிந்திருந்தனர். பயிற்சியாளர் என்னும் பணியே இந்தியாவில் அறியப்படாத காலத்தில், இளைஞர்களைத் தேடிப் பிடித்துப் பந்தை நிறுத்தவும் கடத்தவும் உதைக்கவும் கற்றுக்கொடுத்தவர் அவர். ஆட்டக்காரரை விலைக்கு வாங்கப் பணம் இல்லாத கழகத்திற்கு, ஆட்டக்காரரை உருவாக்குவது ஒன்றே வழி. அவ்வழியே அதன் பெருமையும் ஆயிற்று. 1940ஆம் ஆண்டு ஐ.எஃப்.ஏ. கேடயத்தின் இறுதி ஆட்டத்தில் ஏரியன் கழகம் மோகன் பகானையே வென்றது.

அதே கழகத்திற்கு 1954இல் ஜாம்ஷெட்பூரிலிருந்து பதினெட்டு வயது இளைஞர் ஒருவர் வந்தார். அவர் பெயர் பிரதீப் குமார் பானர்ஜி. கொல்கத்தாவில் அவர் முதலில் ஆடியது ஏரியன் கழகத்திற்காகத்தான். அடுத்த ஆண்டு அவர் ஈஸ்டர்ன் ரயில்வே அணிக்குச் சென்றார். அதுவும் பெருங்கழகம் அன்று. ரயில்வே ஊழியர்களின் அணி. 1960இல் ரோம் ஒலிம்பிக்கில் இந்திய அணிக்குத் தலைமை தாங்கிய அவர், பிரான்சுக்கு எதிரான ஆட்டத்தில் கோல் அடித்தார். அந்த ஆட்டம் 1-1 எனச் சமநிலையில் முடிந்தது. 1962இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் தென்கொரியாவை வென்று இந்தியா தங்கம் பெற்றபோதும் அவர் ஒரு கோல் அடித்தார். ஆட்டக்காரராக அவர் மோகன் பகானுக்கோ ஈஸ்ட் பெங்காலுக்கோ ஒருபோதும் ஆடியதில்லை. பிற்காலத்தில் அவ்விரு கழகங்களுக்கும் அவரே பயிற்சியாளரானார்!

1962இல் தங்கம் வென்ற அணியின் தலைவர் சுனி கோஸ்வாமி. அவருடைய வழி வேறு. 1946ஆம் ஆண்டு, எட்டு வயதில், மோகன் பகானின் இளையோர் அணியில் அவர் சேர்ந்தார். பலாய்தாஸ் சட்டர்ஜி போன்ற ஆசிரியர்கள் அவரைச் செதுக்கினர். எட்டு ஆண்டுகள் இளையோர் அணியில் ஆடிய பிறகே முதன்மை அணியில் அவருக்கு இடம் கிடைத்தது. பெரிய கழகமாயினும், பொறுமையாகக் காத்திருந்தால்தான் நாற்று கதிராகும் என்பதற்கு அவர் வாழ்வு சான்று.

பெரிய கழகங்களே சிறுவர்களைப் பயிற்றுவிக்குமானால் சிறிய கழகங்கள் எதற்கு என்று ஒருவர் கேட்கலாம். பெரிய கழகத்தில் இடங்கள் குறைவு. அங்கே தேர்வும் கடுமையாக இருக்கும். பன்னிரண்டு வயதில் உயரமாக வளர்ந்தவன் தேர்வு பெறுவான். பதினாறு வயதில் வளரப் போகிறவன் விடுபடுவான். ஒரே ஒரு மாலைப்பொழுதில் ஒரு சிறுவனின் எதிர்காலத்தை எவராலும் முழுமையாகக் கணித்துவிட முடியாது.

இங்கிலாந்து நாட்டு ஜேமி வார்டியின் வாழ்வு இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. உருவத்தில் சிறியவர் என்று கூறி, ஷெஃபீல்டு வென்ஸ்டே கழகம் அவரைப் பதினாறு வயதில் விலக்கிவிட்டது. அவருக்கு இடம் தந்தது ஸ்டாக்ஸ்பிரிட்ஜ் என்னும் சிற்றூரின் கழகம். நாட்டின் முதன்மையான நான்கு லீக் பிரிவுகளில் எதிலும் இடம்பெறாத சிறிய கழகம் அது. பகலில் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டே அவர் அங்கே ஆடினார். படிப்படியாக உயர்ந்து, 2012இல் லெஸ்டர் சிட்டி கழகத்தில் சேர்ந்தார். 2016இல் அக்கழகம் இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கோப்பையை வென்றபோது வார்டி அதன் முன்னணி வீரராக விளங்கினார். ஸ்டாக்ஸ்பிரிட்ஜ் கழகம் இல்லாதிருந்தால் அவர் ஆட்டத்தையே விட்டிருக்கக்கூடும்.

எனினும், நாற்றங்காலுக்கு ஒரு துயரம் உண்டு. தான் வளர்த்த நாற்று தன்னிடம் தங்குவதில்லை. ஒரு சிறுவன் நன்றாக ஆடத் தொடங்கியதும் பெரிய கழகம் அவனை அழைத்துக்கொள்கிறது. 1898இல் தொடங்கிய கொல்கத்தா கால்பந்து லீக்கின் கணக்கே இதைக் காட்டும். 1958இல் ஈஸ்டர்ன் ரயில்வே பட்டம் வென்றது. அதன்பின், மூன்று பெருங்கழகங்களைத் தவிர வேறோர் அணி பட்டம் வெல்ல 2019 வரை, அதாவது 61 ஆண்டுகள், காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டில் வென்றது பியர்லெஸ் அணி. கோப்பைக்காக மட்டும் வாழ்வதானால், சிறிய கழகங்கள் எல்லாம் எப்போதோ கூடாரத்தைக் கழற்றியிருக்கும்.

இந்த உழைப்புக்கு உரிய மதிப்பை உலகக் கால்பந்துக் கூட்டமைப்பும் ஏற்றுக்கொண்டுள்ளது. ஒப்பந்தக் காலம் முடியுமுன் ஒரு வீரர் வேறு நாட்டுக் கழகத்திற்குப் பணம் பெற்று மாற்றப்பட்டால், அத்தொகையில் 5 விழுக்காடு, அவரை 12 வயது முதல் 23 வயது வரை பயிற்றுவித்த கழகங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட வேண்டும் என்பது அதன் விதி. அறுவடையில் ஒரு பங்கு நாற்றங்காலுக்கும் உரியது என்பதே இவ்விதியின் பொருள். ஆனால், வெளிநாடு செல்லும் வீரர்கள் மிகச் சிலரே. ஆகவே, இங்குள்ள சிறிய கழகங்களில் பலவும் முன்னாள் ஆட்டக்காரர்களின் உழைப்பாலும் ஊராரின் நன்கொடையாலுமே வாழ்கின்றன.

பயிற்சி பெறும் சிறுவர்களில் பெரும்பாலோர் புகழ்பெற்ற வீரர்கள் ஆவதில்லை என்பதையும் மறைக்கக் கூடாது. அவர்களுக்குக் கழகம் தந்தது என்ன? விடியலில் எழும் பழக்கம். தோல்வியைத் தாங்கும் நெஞ்சு. வேறு மொழி பேசும் தோழனை நம்பிப் பந்தைக் கொடுக்கும் மனம். இவை ஆடுகளத்திற்கு வெளியேயும் துணை நிற்பவை. சிலருக்கு ரயில்வே, காவல்துறை, துறைமுகம் போன்றவற்றின் அணிகள் வழியே வேலையும் கிடைத்துள்ளது.

இன்று 'பயிற்சிக்கூடம்' என்னும் பெயர்ப்பலகை பல தெருக்களில் காணப்படுகிறது. பெயர்ப்பலகை மட்டும் போதாது. ஒவ்வொரு குழந்தையின் பெயரையும் அறிந்த பயிற்சியாளர் அங்கே இருக்க வேண்டும். பள்ளிப் படிப்பைக் கெடுக்காத நேர ஒழுங்கு வேண்டும். பணம் கட்ட இயலாத குழந்தைக்கும் இடம் வேண்டும். "உன் மகன் நாளை இந்திய அணியில் ஆடுவான்" என்று ஆசை காட்டிக் கட்டணம் வாங்கும் இடம் நாற்றங்கால் ஆகாது. அது விதைநெல்லை விற்றுத் தின்பதற்கு ஒப்பாகும்.

இச்செய்திகளுள் சிலவற்றைத் தந்தை அன்றிரவு உணவின்போது சிறுவனுக்குச் சொன்னார். ஈஸ்ட் பெங்காலின் தீவிர அன்பரான அவர் மற்றொன்றையும் நினைவூட்டினார். 2023 ஆகஸ்ட் 12ஆம் நாள், சால்ட் லேக் அரங்கில், டூரண்ட் கோப்பைப் போட்டியில் மோகன் பகானை ஈஸ்ட் பெங்கால் எதிர்த்து ஆடியது. நான்கரை ஆண்டுகளாக மோகன் பகானை வெல்ல இயலாமல் தவித்த கழகத்திற்கு அன்று ஒரே ஒரு கோல் வெற்றி தேடித் தந்தது. அதை அடித்தவர் சென்னையைச் சேர்ந்த தமிழர் நந்தகுமார் சேகர்.

"அவர் எங்கே கற்றுக்கொண்டார், அப்பா?"

"சென்னையில் உள்ளூர்க் கழகங்களில்தான். அங்கே வளர்ந்த நாற்று, இங்கே வந்து கதிர்விட்டது" என்று தாத்தாவைப் பார்த்துச் சிரித்தார் தந்தை.

மறுநாள் காலை ஐந்தரை மணி. ஏரிக்கரை மரங்களில் பறவைகள் ஒலிக்கத் தொடங்கியிருந்தன. சிறுவனுடன் தாத்தாவும் அந்தச் சிறிய மைதானத்திற்கு வந்திருந்தார். புல் ஓரிடத்தில் இருந்தது, ஓரிடத்தில் இல்லை. கோல் கம்பத்தில் வலை கிழிந்திருந்தது. புறநகர் ரயிலில் வந்து இறங்கிய பிள்ளைகள் சிலர் ஊறவைத்த கொண்டைக்கடலையை மென்றுகொண்டே காலணிகளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

தேர்வு என்ன ஆயிற்று என்று பயிற்சியாளர் கேட்கவில்லை. சிறுவனின் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். பந்துகள் நிறைந்த பையை அவன் கையில் கொடுத்து, "இன்று புதிதாக நான்கு குழந்தைகள் வந்திருக்கிறார்கள். பந்தை எப்படி நிறுத்துவது என்று அவர்களுக்கு நீதான் சொல்லித்தர வேண்டும்" என்று வங்கமொழியில் கூறினார்.

சிறுவன் ஏழு வயதுக் குழந்தை ஒன்றின் எதிரே சென்று நின்றான். மெதுவாகப் பந்தை உருட்டினான். அது குழந்தையின் காலைத் தாண்டி ஓடியது. அவன் ஓடிப்போய் எடுத்து வந்து மீண்டும் உருட்டினான். மூன்றாம் முறையும் ஓடியது. நான்காம் முறை, பந்து குழந்தையின் பாதத்தின் கீழ் அசையாமல் நின்றது. குழந்தை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தது.

மைதானத்தின் ஓரத்தில் நின்றிருந்த தாத்தா, செருப்பைக் கழற்றிவிட்டு, பனியில் நனைந்த மண்ணில் கால் பதித்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.