விடிந்தால் உடையும் துரியோதனன்

எங்கள் திருநெல்வேலிப் பக்கம் கோயில் கொடை என்றால் வில்லுப்பாட்டும் கணியான் கூத்தும்தான். கிரீடம் வைத்த ராஜா விடிய விடிய ஆடும் கூத்தை நான் கண்டதில்லை. அதற்காகவே வைகாசி வெயிலில் ஆரணிக்குப் பஸ் ஏறினேன்.

காலையில் நெசவாளர் தெருவுக்குள் நுழைந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். தெரு நீளத்துக்குப் பட்டுப் பாவு! அரக்குச் சிவப்பில் ஓர் ஆறே இழுத்துக் கட்டியதுபோல் கிடந்தது. கஞ்சி வாசனை. ஓர் அம்மா அறுந்த இழையைத் தேடிப் பிடித்து முறுக்கிவிட்டார். எங்கே அறுந்திருந்தது என்று பிறகு எனக்குத் தெரியவே இல்லை.

மாலையில் பக்கத்துக் கிராமம். திரௌபதி அம்மன் கோயில் பாரதத்தின் கடைசி இரவு, பதினெட்டாம் போர். வேஷம் கட்டும் கொட்டகையிலேயே உட்கார்ந்துவிட்டேன். கைக்கண்ணாடியும் ஈர்க்குச்சியுமாக ஒருவர் தன் முகத்தைத் தானே எழுதிக்கொண்டிருந்தார். முதலில் சிவப்பு. அதன்மேல் முத்துவெள்ளையில் புள்ளி புள்ளியாக. ஒரு புள்ளி கோணிற்று; துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். கல்யாண முருங்கைக் கட்டையில் கடைந்த கிரீடமும் புஜக்கட்டையும் ஏறும்போது மூன்று மணி நேரம் போயிருந்தது. எதிரே இருந்த மனிதர் எந்தக் கணத்தில் துரியோதனன் ஆனார்? கண் இமைக்காமல் பார்த்தும் பிடிபடவில்லை. 1977இல் கூத்துப்பட்டறை நாடகக் குழுவைத் தொடங்கிய ந. முத்துசாமி, இதே மாவட்டத்துப் புரிசைத் தம்பிரான்களின் கூத்தில் ஏன் மயங்கிப்போனார் என்று அப்போது புரிந்தது.

இரவு முகவீணை வீறிட்டது. கட்டியக்காரன் கட்டியம் கூற, இருவர் பிடித்த திரைக்குப் பின்னால் ராஜாவின் குரல் மட்டும் வந்தது. பிறகு சலங்கை. திரை விலகியபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

நடுச்சாமத்தில் எழுந்து படுகளத்துக்குப் போனால், அங்கே இன்னொரு துரியோதனன்! மண்ணைக் குழைத்து, மல்லாந்து கிடக்கும் ஆளாக அணைத்துக்கொண்டிருந்தார்கள். அடி வைத்து அளந்தேன், அறுபதுக்குக் குறையாது. ஒரு பெரியவர் மூக்கை மட்டும் மூன்றாம் முறையாகச் செதுக்கினார்.

“விடிஞ்சா உடைக்கத்தானேய்யா போறாங்க?”

“அரைகுறையா செஞ்சா துரியோதனன் இல்ல சார், மண்மேடு.”

விடிந்தது. வேஷத்தோடு ஓடிவந்த பீமன் மண்தொடையில் அடித்தான், செந்நீர் பீறிட்டது. திரௌபதி கூந்தல் முடிந்தாள். பெண்கள் குலவையிட்டார்கள். அடுத்த கணம் கூட்டம் புகுந்தது. அந்த மூக்கு எங்கே போயிற்றோ! பெரியவரோ துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சிரித்தபடி நின்றார். நெற்குதிரில் போட்டால் விளைச்சல் பெருகும் என்று ஆளுக்கொரு பிடி மண் அள்ளினார்கள். நானும் ஒரு பிடியைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டேன்.

சித்திரை, வைகாசியில் ஆரணிப் பக்கம் போகிறவர்களே, கூத்து பத்து மணிக்குத்தானே என்று இருந்துவிடாதீர்கள். மண் குழைக்கும்போதே, முகத்தில் முதல் சாயம் ஏறும்போதே போய் உட்கார்ந்துவிடுங்கள்.