வில்லங்கம்

என் மூத்த அக்காளின் கணவர் திருப்பாதிரிப்புலியூரில் நாற்பது வருஷம் பத்திரம் எழுதியவர். இப்போது மூன்று மாதத்துக்கு ஒரு தரம் சிதம்பரத்துக்கு ரெயிலேறுகிறார். நடராஜர் தரிசனத்துக்கு என்று தெருவில் பேச்சு. மாமாவும் மறுப்பதில்லை; திரும்பும்போது நெற்றி நிறைய விபூதியுடன் வந்து இறங்குவார். போவதென்னவோ அண்ணாமலை நகர் ஆஸ்பத்திரிக்கு.

மூத்திரப் பையில் புற்றுநோய். மாமா அந்த வார்த்தையைச் சொல்ல மாட்டார், ‘சமாசாரம்’ என்பார். இரண்டு தரம் சுரண்டி எடுத்தார்கள். இரண்டு தரமும் முளைத்தது. குழந்தைகளுக்குக் காசநோய் வராமல் குத்துகிறோமே, அந்த பி.சி.ஜி. மருந்தையே பைக்குள் விட்டுப் பார்த்தார்கள். 1976இல் கனடாவில் மொராலிஸ் என்ற டாக்டர் வெளியிட்ட வைத்தியம் அது. அப்படியும் வந்தது. மேலோடு இருக்கிற கட்டியானாலும் பாதிப் பேருக்குமேல் திரும்பி வருவதுதான் இந்த நோயின் குணமாம். ஆகவே குழாயை விட்டுப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நோயைவிட அந்தக் குழாய்க்குத்தான் மாமா பயந்தார்.

மூன்றாம் தரம் எடுத்தபோது, அதில் ஒரு துணுக்கைச் சென்னைக்கு அனுப்பி ஜீன் பரிசோதனை செய்யலாம் என்றார் டாக்டர். செலவு கொஞ்சமல்ல. மாமா உடனே தலையாட்டியது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

“ஜீன் என்றால் என்ன, மாப்பிள்ளை?” என்று கேட்டார், வெளியே வந்ததும்.

தெரிந்ததைச் சொன்னேன். உடம்பின் ஒவ்வோர் அணுவுக்குள்ளும் நாலே நாலு எழுத்துக்களால் எழுதிய பத்திரம் ஒன்று இருக்கிறது. மனிதனுடைய புற்றுநோயில், இன்ன ஜீனில் இன்ன எழுத்து மாறியிருக்கிறது என்று 1982இல் முதன்முதலாகக் கண்டுபிடித்ததே மூத்திரப் பைக் கட்டி ஒன்றிலிருந்து எடுத்து வளர்த்த அணுக்களில்தான். ஆயிரக்கணக்கான எழுத்துக்களுக்கு நடுவே, ‘ஜி’ இருக்க வேண்டிய இடத்தில் ‘டி’. கண்டுபிடித்தவர்களில் ஒருவர் நம் நாட்டுக்காரர், பிரேம்குமார் ரெட்டி.

மாமா நின்றுவிட்டார். “சர்வே நம்பர் 112 என்பதை 113 என்று எழுதினால் பக்கத்து வீட்டுக்காரன் மனையே போய்விடும். கை நடுங்காமல் எழுத வேண்டும், மாப்பிள்ளை.”

1992இல் இன்னொன்றும் தெரிந்தது. சில பெண்களுக்குப் பையில் பல இடங்களில் வந்த கட்டிகளைச் சோதித்தபோது, ஒவ்வொருத்திக்கும் அவை அத்தனையும் ஒரே அணுவின் வாரிசுகளாக இருந்தன. “அப்படியானால் எனக்கு வருவதும் பழைய ஆசாமிதான், புதுசில்லை என்று சொல்லு. வில்லங்கம் போட்டுப் பார்க்கிறோம், அவ்வளவுதானே?” என்றார். எனக்கு இதைவிட நன்றாகச் சொல்லத் தெரியாது.

முடிவு வந்த அன்று வண்டியில் மாமா பேசவேயில்லை. பரங்கிப்பேட்டை தாண்டி, கிள்ளை தாண்டி, மடியிலிருந்த பையைத் தடவிக்கொண்டே வந்தார்.

டாக்டர் காகிதத்தைப் படித்தார். எஃப்.ஜி.எஃப்.ஆர்.3 என்ற ஜீனில் பிழை இருக்கிறது. பி53 என்பது கெடவில்லை. “நல்ல செய்திதான், ஐயா. இந்த ஜாதிக் கட்டி திரும்பத் திரும்ப வரும். ஆனால் ஆழமாகத் தசைக்குள் இறங்குவது அபூர்வம்.”

“அப்போ குழாய் வேண்டாமே?”

அப்போதுதான் எனக்குப் புரிந்தது, மாமா எதற்காக அத்தனை பணம் கட்டினார் என்று.

“குழாய் வேண்டியதுதான். மூத்திரத்திலேயே இந்தப் பிழைகளைத் தேடும் பரிசோதனைகள் வந்திருக்கின்றன. ஆனால் அவற்றை மட்டும் நம்பிக் குழாயை விட்டுவிட முடியாது.” பிறகு, “சிகரெட்?” என்றார் டாக்டர். இந்த நோய்க்குப் பெரிய காரணம் புகைதான். மாமா ஜன்னலைப் பார்த்தார்.

திரும்பும்போது விபூதியை மறந்துவிட்டார். புதுச்சத்திரத்தில் வண்டி நின்றபோது, “உன் அக்காளிடம் என்ன சொல்வது? வரும், ஆனால் கொல்லாது என்றா? நீ கதை எழுதுகிறவன். நீயே சொல்லிவிடு” என்றார்.

கதையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன், ‘அபூர்வம்’ என்ற வார்த்தை உள்பட. அக்கா அடுப்பைத் தணித்துவிட்டு வந்து முழுவதும் கேட்டாள். பிறகு, சுவரிலிருந்த காலண்டரின் தாள்களைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “ஐப்பசியில் எந்தத் தேதி?” என்றாள்.