சொல்லக் கூசும் ஒரு நோய்

மனிதனை வந்தடையும் நோய்களுள் சில, சபையில் வைத்துப் பேசத்தக்கவை. வேறு சில, நாவின் நுனி வரை வந்து அங்கேயே விழுங்கப்படுபவை. நெஞ்சு வலியென்று ஒருவர் படுத்துவிட்டால் ஊரே திரண்டு சென்று நலம் விசாரிக்கிறது. நீரிழிவு நோயுள்ளவர் நிக்காஹ் விருந்தில், "எனக்குச் சீனியில்லாத தேநீர் கொடுங்கள்" என்று உரத்த குரலிலேயே கேட்கிறார். குடலில் நோய் கண்டவரோ பந்தியில் அமரவே அஞ்சுகிறார். ஏன் வரவில்லை என்று கேட்போருக்கு, வேலையிருந்தது என்று ஒரு பொய்யைச் சொல்லி ஒதுங்கிக் கொள்கிறார். 'வெளிக்குப் போதல்', 'கால் கழுவுதல்' என்றெல்லாம் மறைமொழி அமைத்துக் கொண்டவர்கள் நாம். இலக்கணம் இதற்கு இடக்கரடக்கல் என்று பெயர் வைத்திருக்கிறது. சபை நாகரிகத்துக்கு அது அழகுதான். ஆயினும், மருத்துவரின் முன்னாலும் பெற்ற தாயின் முன்னாலும் கூட வாயை அடைத்துவிடுமானால், அந்த நாகரிகம் உயிரை விலையாகக் கேட்கிறது. அதனால்தான், ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக நான் சுமந்து வரும் இந்நோயைப் பற்றி எழுதத் துணிந்தேன்.

எங்கள் ஊர் கன்னிவாடி. ஆடலூருக்கும் பன்றிமலைக்கும் ஏறும் சாலை தொடங்கும் மலையடிவாரப் பேரூர். இங்கே பள்ளி ஆசிரியனாக இருந்த எனக்கு 1996ஆம் ஆண்டின் மழைக்காலத்தில் வயிற்றுக் கடுப்பு கண்டது. சளியும் இரத்தமுமாகப் போயிற்று. நாளொன்றுக்கு ஐந்து முறை, எட்டு முறை, பிறகு பத்து முறைக்கு மேல். சீதபேதி என்றார் ஒருவர். அமீபாக் கிருமிக்கான மாத்திரைகள் வந்தன. மூலம் என்றார் மற்றொருவர். களிம்பும் லேகியமும் வந்தன. கிரகணி என்றார் ஒரு வைத்தியப் பெரியவர். என் தாயாரோ, வயிற்றுப்போக்கால் வருந்திய ஒருவருக்குத் தேன் புகட்டுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்த செய்தியை நினைவு கூர்ந்து, நாள்தோறும் மலைத்தேனைக் கரைத்துக் கொடுத்தார்கள். தேன் தெம்பைத் தந்தது, இரத்தம் நிற்கவில்லை. பாடம் நடத்திக் கொண்டிருக்கும்போதே கரும்பலகையின் முன்னிருந்து ஓட வேண்டியதாயிற்று. நாற்பது பிள்ளைகளின் கண்கள் முதுகில் பதிந்திருக்க அவ்வாறு ஓடுவது எத்தகைய வேதனை என்பதை அனுபவித்தவரே அறிவர்.

மறு ஆண்டு மதுரைக்குச் சென்றேன். பெருங்குடலின் உள்ளே குழாய் செலுத்திப் பார்த்து, சதைத் துணுக்கை எடுத்து ஆராய்ந்த பின்னரே நோயின் பெயர் தெரிந்தது: அல்சரேட்டிவ் கோலைட்டிஸ், அதாவது பெருங்குடல் புண் அழற்சி. நம் நாட்டில் அமீபாவும் காசநோயும் குடலைத் தாக்குவது மிகுதியாதலால், அவையல்ல என்று உறுதி செய்து கொள்ளாமல் இந்தப் பெயரைச் சூட்டிவிட முடியாது. குடற்காசமும் குரோன் நோய் என்னும் மற்றொரு குடல் அழற்சியும் தோற்றத்தில் ஒன்றையொன்று ஒத்திருப்பதால், தேர்ந்த மருத்துவர்களே திகைப்பதுண்டு.

எனக்கு வந்த நோய் மலக்குடலில் தொடங்கி, இடைவெளியின்றி மேல்நோக்கிப் படர்வது. பெருங்குடலின் உட்சவ்வு சிவந்து, புண்ணாகி, இரத்தம் கசியும். அந்நியக் கிருமிகளை எதிர்க்க வேண்டிய உடலின் காவற்படை, தன் வீட்டுச் சுவரையே இடிக்கத் தொடங்குவது போன்ற நிலை இது. ஏன் அவ்வாறு இடிக்கிறது என்பதற்கு முழுமையான விடை இன்றளவும் கிடைக்கவில்லை. ஆனால் இது தொற்றுநோய் அன்று. ஒரே தட்டில் உண்பதால் பரவுவதில்லை. மிளகாயினால் வந்ததுமில்லை, கண்ணேறும் செய்வினையும் இதற்குக் காரணமில்லை. அடங்கியிருக்கும் காலமும் சீறியெழும் காலமும் மாறிமாறி வருவது இதன் இயல்பு.

1859ஆம் ஆண்டிலேயே இலண்டன் மருத்துவர் சாமுவேல் வில்க்ஸ் இந்நோயைத் தனித்து அடையாளம் கண்டு எழுதினார். மேலை நாட்டாரின் நோய் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. பஞ்சாப் மாநிலத்தில் வீடு வீடாகச் சென்று நடத்தி 2003இல் வெளியிடப்பட்ட ஆய்வு, இலட்சம் பேரில் சுமார் 44 பேருக்கு இந்நோய் இருப்பதாகக் கண்டது. அந்தக் கணக்கை அப்படியே நம் பக்கத்துக்குப் பொருத்திவிட முடியாது. எனினும், திண்டுக்கல் பேருந்து நிலையத்தின் கூட்டத்தில் நிற்கும்போதெல்லாம், என்னைப் போல் ஒருவரேனும் இங்கே பல்லைக் கடித்துக் கொண்டு நிற்கிறார் என்ற எண்ணம் எனக்கு எழுவதுண்டு.

படுக்கையில் கிடந்த நாட்களில் எனக்கு ஆறுதலளித்தது ஒரு மேதையின் வரலாறு. மருத்துவ உலகின் பேரரசர் எனப் போற்றப்படும் இப்னு சீனாவும் வயிற்று நோயால் வருந்தியவரே. 'குலன்ஜ்' என்று அரபு மருத்துவர்கள் அழைத்த குடல் வலியைப் பற்றி அவர் தனி நூலே எழுதியவர். அதுவும் ஃபர்தஜான் கோட்டையில் சிறைப்பட்டிருந்த காலத்தில் எழுதியது. பின்னாளில், இஸ்பஹான் அதிபர் அலாவுத் தவ்லாவுடன் படைப் பயணத்தில் இருந்தபோது அதே வலி அவரைப் பிடித்தது. பயணத்தில் பின்தங்கிவிடக் கூடாதே என்ற அவசரத்தில், ஒரே நாளில் எட்டு முறை எனிமா எடுத்துக் கொண்டதாகவும், குடல் புண்ணாகிவிட்டதாகவும் அவருடைய மாணவர் ஜூஸ்ஜானி எழுதி வைத்திருக்கிறார். இரண்டு தானிக் எடையுள்ள செலரி விதையைச் சேர்க்கச் சொன்னால், உடனிருந்த மருத்துவர் ஐந்து திர்ஹம் எடையைச் சேர்த்தாராம். ஒரு திர்ஹமுக்கு ஆறு தானிக் என்று கணக்கிட்டால், அது பதினைந்து மடங்கு! நோய் சற்றுத் தணிவதும் மீண்டும் எழுவதுமாக இருந்து, ஹிஜ்ரி 428ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 1037இல், ஹமதான் நகரில் அவர் காலமானார். உலகுக்கே மருத்துவம் கற்பித்தவருக்கும் குடல் கட்டுப்படவில்லை என்றால், நாம் வெட்கப்பட என்ன இருக்கிறது? அளவும் பொறுமையும் தவறினால் மருந்தே பகையாகும் என்ற பாடமும் அதிலிருக்கிறது.

இப்னு சீனாவுக்கு வாய்க்காத மருந்து நமக்கு வாய்த்திருக்கிறது. சுவீடன் நாட்டுப் பெண் மருத்துவர் நன்னா ஸ்வார்ட்ஸ், 1930களின் பிற்பகுதியில், மூட்டுவாதத்தை மனத்திற்கொண்டு சல்ஃபாசலசைன் என்னும் மருந்தை உருவாக்கினார். அது இக்குடல் நோயையும் தணிப்பதைக் கண்டார். 1955இல் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ட்ரூலவ், விட்ஸ் என்னும் இருவர், கார்ட்டிசோன் இந்நோயின் கடுஞ்சீற்றத்தை அடக்குவதைச் சோதனை மூலம் நிறுவினர். சல்ஃபாசலசைன் என்பது இரண்டு பொருள்களின் இணைப்பு. அவற்றுள் எது புண்ணை ஆற்றுகிறது என்ற கேள்வி நெடுநாள் நின்றது. விடை கண்டவர்களுள் முதன்மையானவர் நம் அண்டை மண்ணைச் சேர்ந்தவர். வங்கதேசத்தின் மருத்துவர் ஆசாத் கான். ட்ரூலவிடம் பயின்ற அவர், இரு பொருள்களையும் தனித்தனியே நோயாளிகளின் குடலுக்குள் செலுத்திப் பார்த்து, ஆற்றும் பகுதி எது என்பதை 1977இல் வெளியிட்டார். இன்று மெசலமின் என்ற பெயரில் மருந்துக் கடையில் கிடைப்பது அதுதான். அந்த மாத்திரையைக் கையிலெடுக்கும்போதெல்லாம், முகமறியா அம்மனிதருக்காக என் நெஞ்சு துஆச் செய்கிறது.

இனி, நோயுடன் குடித்தனம் நடத்தும் முறையைச் சொல்லுகிறேன். முதலாவது, நலமாயிருக்கும் நாளிலும் மருந்தை நிறுத்தலாகாது. இரத்தம் நின்றுவிட்டதே, இன்னும் எதற்கு மாத்திரை என்று கேட்கும் உறவினர் எல்லா வீட்டிலும் உண்டு. கூரை ஒழுகாத கோடையிலும் ஓட்டைப் பிரித்துப் போடுவாருண்டோ? சல்ஃபாசலசைன் உண்போருக்குச் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகலாம், அஞ்ச வேண்டியதில்லை. ஃபோலிக் அமில மாத்திரையை மருத்துவர் உடன் எழுதித் தருவார். ஸ்டீராய்டு மாத்திரையை நாமாக வாங்கி உண்பதும், நாமாகச் சட்டென்று நிறுத்துவதும் பேராபத்து. உடல்வலிக்கென்று கடையில் கேட்டு வாங்கும் வலிநிவாரணிகள் பலவும் உறங்கும் இந்நோயைத் தட்டியெழுப்பக் கூடியவை. நோய் தொடங்கி எட்டாண்டுகள் ஆனபின், புற்று ஏதும் தலைகாட்டுகிறதா என்று குறித்த இடைவெளிகளில் குடலை உள்நோக்கிப் பார்த்துக் கொள்வது அவசியம்.

உணவில் எல்லாருக்கும் பொதுவான விதி இல்லை. சீற்றக் காலத்தில் குழைந்த சோறு, இட்டிலி, மோர், கஞ்சி ஆகியவை எனக்கு ஒத்துக் கொண்டன. கீரையும் கொட்டை வகைகளும் ஒத்துக் கொள்ளவில்லை. சீரகச் சம்பாப் பிரியாணிக்குப் பேர்போன திண்டுக்கல்லின் அருகே வாழ்ந்து கொண்டு, மோர்ச்சோற்றுடன் எழுவது ஒரு சிறிய ஜிஹாதுதான்! நலமான நாட்களில் அளவோடு எல்லாவற்றையும் உண்கிறேன். பயணத்துக்கு முன் வயிற்றை வெறுமையாக வைத்துக் கொள்வேன். மாற்றுடையும் தண்ணீர்ப் புட்டியும் பையில் இருக்கும். இந்த வழித்தடத்தில் எந்த நிறுத்தத்தில் கழிப்பறை உண்டு, எது பூட்டிக் கிடக்கும் என்பதை நடத்துநர்களைவிட நான் நன்கறிவேன்.

எல்லாவற்றிலும் என்னை வாட்டியது பள்ளிவாசலைப் பற்றிய கவலையே. ஜமாஅத்தில் நிற்கும்போது உளூ முறிந்துவிட்டதோ என்ற ஐயம். ருகூவுக்குக் குனியும்போது அச்சம். வீட்டிலேயே தொழுதுகொண்டு பள்ளிவாசலை விட்டே விலகிவிடலாமா என்று எண்ணினேன். எங்கள் ஹஜ்ரத் அவர்களிடம் சென்று தலை குனிந்து கேட்டபோது, அவர்கள் சற்றும் முகஞ்சுளிக்கவில்லை. வெறும் ஐயத்தால் உளூ முறியாது என்பது நபிமொழி நிறுவிய விதி என்றார்கள். மலசலத்தின் உந்துதலை அடக்கிக் கொண்டு தொழ வேண்டாமென்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே தடுத்திருக்க, முதலில் தேவையை முடித்துவிட்டுப் பிறகு தொழுவதே முறை. அதனால் ஜமாஅத் தவறினாலும் குற்றமில்லை என்றார்கள். ஒரு தொழுகையின் நேரம் முழுவதும், உளூச் செய்து ஃபர்ளைத் தொழும் அளவுக்குக் கூட இடைவெளியின்றி ஒழுக்கு இருந்துகொண்டேயிருந்தால், அவர் 'மஃதூர்' என்னும் சலுகைக்குரியவர். ஹனஃபி மத்ஹபின்படி அவர் ஒவ்வொரு வேளைக்கும் ஓர் உளூச் செய்தால் அவ்வேளை முடியும் வரை அது போதும் என்றும் விளக்கினார்கள். இமாம் இல்லாத வேளைகளில் முன்னின்று தொழ வைப்பது என் வழக்கம். மஃதூரான நிலையில் மற்றவர்க்கு இமாமாக நிற்க இயலாதென்பதால், நோய் முற்றிய நாட்களில் அந்தப் பேற்றை மட்டும் இழந்தேன். கடைசி வரிசையில், வாசலருகே எனக்கென்று ஓரிடம் அமைந்தது. இன்றும் அதுவே என் இடம்.

ரமலானிலும் அவ்வாறே. நோயாளிக்கும் பயணிக்கும் வேறு நாட்களில் எண்ணிக்கையை நிறைவு செய்து கொள்ளத் திருக்குர்ஆன் (2:184, 185) வழி விட்டிருக்கிறது. வயிற்றுப்போக்கு மிகுந்த நாளில் நீரின்றி இருப்பது உடலை வறளச் செய்துவிடும். ஆகவே, சீற்றம் உள்ள ஆண்டுகளில் நோன்பை விட்டேன். நலம் பெற்றபின், பகல் குறுகிய மார்கழியிலும் தையிலும் களாச் செய்தேன். நலமான ஆண்டுகளில், மருத்துவரைக் கேட்டு மருந்தை இஃப்தாருக்கும் ஸஹருக்கும் மாற்றிக் கொள்கிறேன். எனிமா மருந்து நோன்பை முறிக்கும் என்பது நம் சட்ட நூல்களின் கருத்தாதலால், அதை இரவுக்கென ஒதுக்கினேன். மீளும் நம்பிக்கையற்ற நோயாளிக்கு ஃபித்யா உண்டு. மார்க்கம் இவ்வளவு இடங்கொடுத்திருக்க, "நோன்பில்லையா?" என்று வழியில் மறித்துக் கேட்கும் மனிதர்கள்தாம் இடங்கொடுப்பதில்லை.

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டிய நிகழ்ச்சியையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் உறவில் ஒரு பெண். திருமணப் பேச்சு நடந்து கொண்டிருந்த காலத்தில் அவளுக்கு மலத்தில் இரத்தம் கண்டது. சொன்னால் சம்பந்தம் முறிந்துவிடுமோ என்று மறைத்தாள். மணமாகிச் சென்ற வீட்டிலும் மறைத்தாள். ஒரு நாள் சமையற்கட்டில் மயங்கி விழுந்தபோது, உடலில் இரத்தம் பாதிக்குக் குறைந்திருந்தது. இரத்தம் ஏற்றி உயிரைக் காத்தார்கள். "முன்பே சொல்லியிருக்கலாமே, அம்மா" என்று நான் கேட்டதற்கு, "இதை யாரிடம் போய்ச் சொல்வது, மாமா?" என்றாள். அவளுடைய கேள்விக்கு நான் மட்டும் விடை சொல்லிப் பயனில்லை. ஜமாஅத்தே விடை சொல்ல வேண்டும்.

இரண்டு வாரங்களுக்கு மேல் மலத்தில் இரத்தமோ சளியோ தொடர்ந்தால், ஆணாயினும் பெண்ணாயினும், மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். இதைத் தாய்மார்கள் பெண்மக்களுக்கு வெளிப்படையாகச் சொல்லித் தர வேண்டும். திருமண மண்டபம் கட்டும் செல்வர்கள், அலங்கார விளக்கில் ஒன்றைக் குறைத்துப் பெண்கள் பகுதியில் கழிப்பறை ஒன்றைக் கூட்டலாம். பள்ளிவாசல் நிர்வாகிகள் இஸ்திஞ்சாக் கூடத்தைப் பூட்டி வைக்காதிருக்கலாம். முதியவர்க்கும் நோயாளிக்கும் ஏற்ற உட்காரும் பீடம் ஒன்றேனும் அங்கே அமையட்டும். பந்தியில் குறைவாக உண்பவரைக் காரணம் கேட்டுத் துளைக்காதிருப்பது, செலவில்லாமல் செய்யத்தக்க ஸதகா.

வயிற்று நோயால் மரணிப்பவரை ஷஹீதுகளின் வரிசையில் வைத்து நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்ணியப்படுத்தியிருக்கிறார்கள். இறந்தபின் அத்தகைய கண்ணியத்துக்குரியவர், உயிரோடிருக்கும்போது நம்மிடையே தலை குனிந்து நடக்கலாகாது. வல்ல நாயன் பிணியுற்ற எல்லாருக்கும் நற்சுகத்தையும், அவர்களைச் சூழ்ந்திருப்போருக்கு இளகிய மனத்தையும் அருள்வானாக. ஆமீன்.