குதிரை லத்தி

அனுபவம் எரு, கவிதை அதில் முளைக்கிற காளான் – இந்த ரீதியிலான வாக்கியங்கள் நம் விமர்சனத்தில் தாராளமாகப் புழங்குகின்றன. சொல்பவர்களில் பெரும்பாலோர் எருவைக் கையால் தொட்டவர்களல்ல என்பது வாக்கியத்திலேயே தெரிந்துவிடும். அவர்களுடைய எருவுக்கு நாற்றம் கிடையாது. அது எப்போதும் தயாராக இருக்கிறது. வித்தைத் தூவினால் முளைத்துவிடுகிறது. நான் இரண்டு குளிர்காலங்களாக ஊட்டியில் வீட்டுக்குப் பின்னால் குதிரை லத்தியைக் கிளறிக்கொண்டிருப்பவன். அதனால் உவமையின் இடது பக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம் என்று தோன்றுகிறது. வலது பக்கத்தை அவரவர் பார்த்துக்கொள்ளட்டும்.

வங்கிக் கிளையில் என் மேஜைக்குக் காளான் வந்தது கடன் மனுவாக. குடில் கட்ட இவ்வளவு, தட்டுகளுக்கு இவ்வளவு, நூறு கிலோ கம்போஸ்டுக்கு இத்தனை கிலோ மகசூல், மூன்றாம் வருஷத்தில் லாபம். அப்படி நாலைந்து மனுக்களைச் சரிபார்த்து மேலே அனுப்பியிருக்கிறேன். எல்லாவற்றிலும் கம்போஸ்ட் என்பது ஒரு வரி, எதிரே ஒரு தொகை. அந்த ஒற்றை வரிக்குள் என்ன நடக்கிறது என்ற கேள்விதான் என்னை இதில் இழுத்துவிட்டது. வியாபாரமாக வளர்ப்பவர்கள் பெரும்பாலும் வைக்கோல், கோழி எரு, தவிடு, யூரியா, ஜிப்ஸம் சேர்த்துத்தான் செய்கிறார்கள். குதிரை அதில் இல்லை. எனக்கு மூலத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டுமென்று ஆசை. பி.ஏ. ஆங்கில இலக்கியம் படித்தவர்களுக்கு வரும் வியாதி இது.

ஊட்டியில் குதிரைக்குப் பஞ்சமில்லை என்று நினைப்பவர்கள் பந்தய மைதானத்தை மனதில் வைத்துக்கொண்டு சொல்கிறார்கள். அந்த நிலத்தை 2024-ல் அரசு திரும்ப எடுத்துக்கொண்டுவிட்டது. எனக்குக் கிடைத்தவை ஏரிக்கரையில் சவாரிக்கு நிற்கும் மட்டக் குதிரைகள். புல், தவிடு, சமயத்தில் கேரட் தழை தின்று, குழந்தைகளைச் சுமந்துகொண்டு, எந்தப் பந்தயத்திலும் சேராமல் வாழ்பவை. நாலு குதிரை வைத்திருக்கும் ஒருவர் மூட்டை மூட்டையாக இலவசமாகவே தந்தார். எடுத்துக்கொண்டு போனால் போதும் என்பதுபோல் இருந்தது அவர் பேச்சு.

தமிழில் இந்த விஷயத்துக்குள்ள சொல்வளத்தை நாம் கவனிப்பதில்லை. மாட்டுக்குச் சாணம், ஆட்டுக்குப் புழுக்கை, யானைக்கும் குதிரைக்கும் லத்தி, கழுதைக்கு விட்டை, பறவைக்கு எச்சம். ஆங்கிலத்தில் பொதுவாக ஒரே சொல்லை வைத்துக்கொண்டு முன்னால் மிருகத்தின் பெயரை ஒட்டிக்கொள்கிறார்கள். இந்தப் பாகுபாடு வெறும் சொல்லளவில் இல்லை என்பதை அம்மா எனக்குத் தெரியப்படுத்தினாள். வாசலில் சாணம் தெளித்து, சாணத்தால் மெழுகிய தரையில் இலை போட்டுச் சாப்பிட்டு வளர்ந்தவள். முதல் மூட்டை வந்து இறங்கியதும் பின்கட்டுக் கதவைச் சாத்தினாள்.

‘‘ஏண்டா, லத்தியை ஆத்துக்குள்ள கொண்டு வருவாளோ யாராவது?’’

‘‘சாணியும் இதுவும் ஒண்ணுதாம்மா. ரெண்டும் புல்லுதான்.’’

‘‘புல்லு ஒண்ணுதான். வயிறு வேற.’’

இதற்குப் பதில் கிடையாது. விஞ்ஞானமும் அதைத்தான் சொல்கிறது. மாடு அசைபோடும் மிருகம். நாலு அறை வயிற்றில் புல்லை முக்காலும் தீர்த்துவிடும். குதிரை அவசரக்காரன். நார் பாதி அப்படியே வெளியே வந்துவிடுகிறது. லத்தியை உடைத்துப் பார்த்தால் புல்லின் துணுக்குகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடலாம். காளானுக்கு வேண்டியது அந்த மிச்சம்தான். ஆனால் அம்மா சொன்ன வயிறு இது அல்ல. மனு ஐந்தாம் அத்தியாயத்தில் இருபிறப்பாளர் உண்ணக்கூடாதவற்றைச் சொல்லும்போது பூண்டு, வெங்காயத்தோடு காளானையும் சேர்க்கிறார். அசுத்தத்தில் பிறப்பவை எல்லாம் ஆகாது என்றும் சொல்கிறார். அம்மா மனுவைப் படித்ததில்லை. படிக்காமலேயே அது அவளிடம் இருக்கிறது. எனக்கு அது கோபமூட்டுகிற விஷயம். அந்த வாக்கியம் காளானோடு நிற்கவில்லை, மனிதர்களையும் அதே அளவுகோலால் அளந்தது என்பது நமக்குத் தெரியும். அசுவமேதத்துக்குக் குதிரை ஆகும், அதன் லத்தி மட்டும் ஆகாது என்கிற தர்க்கத்தை அம்மாவிடம் எடுத்துச் சொன்னேன். அவள் குதிரையும்தான் ஆத்துக்குள்ளே வரப்படாது என்று முடித்துவிட்டாள்.

பின்கட்டில் தகரம் வேய்ந்த, சிமென்ட் தரை போட்ட ஒரு கொட்டகை உண்டு. விறகுக்காக யாரோ கட்டியது. மேட்டுப்பாளையத்திலிருந்து வந்த வைக்கோலை இரண்டு நாள் நனைத்து, லத்தியோடு அடுக்கடுக்காகப் போட்டு, நாலடிக்கு நாலடி, நாலடி உயரத்துக்குக் குவித்தேன். அளவு முக்கியம். குவியல் சிறுத்தால் சூடு தங்காது. பெருத்தால் நடுவில் காற்றில்லாமல் புளித்துப்போகும். ஊட்டியின் டிசம்பர் இரவு. மூன்றாம் நாள் காலையில் வெளியே உறைபனி, குவியலின் உச்சியிலிருந்து ஆவி. நடுவில் செருகிய வெப்பமானி 68 டிகிரி காட்டியது. யாரும் தீ வைக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள் தின்று, பெருகி, தங்கள் சூட்டிலேயே செத்துக்கொண்டிருந்தன. அவை செத்த இடத்தில் சூட்டை விரும்புகிற வேறு ஜாதி வரும். ஐம்பது, அறுபது டிகிரியில் வைக்கோல்மேல் சாம்பல் தூவியதுபோல் வெள்ளையாகப் படர்வது அவற்றில் ஒன்று. காளான் தின்னப்போவது லத்தியை அல்ல. லத்தியைத் தின்றவர்களின் உடல்களையும், அவர்கள் இளக்கிவைத்த நாரையும். பச்சை லத்தியில் இந்தக் காளானின் வித்தைப் போட்டால் அது முளைக்காது. வாசலில் நிற்கிற அம்மோனியாவே அதைக் கொன்றுவிடும்.

மூன்று நாலு நாளைக்கு ஒருமுறை குவியலைப் பிரித்து, வெளியே இருந்ததை உள்ளேயும் உள்ளே இருந்ததை வெளியேயும் போட்டுத் திரும்பக் கட்ட வேண்டும். இருபத்தெட்டு நாளில் ஏழெட்டுத் தடவை. மூன்றாம் புரட்டலில் ஜிப்ஸம். அது பிசுபிசுப்பை எடுத்துக் குவியலைப் பொலபொலவென்று ஆக்கும். ஈரம் சரியா என்று பார்க்கக் கருவி வேண்டாம். ஒரு பிடி எடுத்து அழுத்தினால் விரலிடுக்கில் சொட்டாமல் கசிய வேண்டும். ஐந்தரை மணிக்கு வங்கியிலிருந்து வந்து, சட்டையை மாற்றிக்கொண்டு முள்வாரியை எடுப்பேன். முதல் வாரம் அம்மோனியா கண்ணில் அறையும். அந்த நாட்களில் நான் ஒரு கவிதைத் தொகுப்புக்கு மதிப்புரை எழுதிக்கொண்டிருந்தேன். இரண்டு வேலைகளுக்கும் சம்பந்தம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. புரட்டலில் ஒரு நிம்மதி இருந்தது, அவ்வளவுதான்.

குவியல் தயாராகிவிட்டதா என்பதை மூக்குதான் சொல்ல வேண்டும் என்று எல்லாக் கையேடுகளும் எழுதுகின்றன. என் மூக்கு பழகிப்போய் மரத்துவிட்டது. இருபத்தாறாம் நாள் சாத்தின கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அம்மா, ‘‘அந்தக் கார நெடி போயிடுத்துடா. இப்ப மழை பேஞ்ச மண்ணு மாதிரின்னா இருக்கு’’ என்றாள். இட்லி மாவு எந்தக் கணத்தில் பொங்குகிறது, எந்தக் கணத்தில் புளிக்கிறது என்று ஐம்பது வருஷமாக முகர்ந்த மூக்கு. இன்னும் இரண்டு நாள் விட்டு வித்தைக் கலந்தேன்.

அம்மோனியா மிச்சமிருக்கும் குவியலில் அழையா விருந்தாளியாக வருவது மைக்காளான். ஒரு மூலையில் எனக்கும் வந்தது. ராத்திரி ஒன்றுமில்லை, விடிந்தால் ஒல்லியான காலில் சாம்பல்நிறக் கூம்புத் தொப்பிகள். மத்தியானத்துக்குள் விளிம்பிலிருந்து கரைந்து கறுப்பு மையாகச் சொட்டிவிடுகின்றன. அந்த மையைத் தொட்டு எழுதிய காலமும் உண்டு. நானும் ஒரு சலான் பின்புறத்தில் குச்சியால் தொட்டு என் பெயரை எழுதிப் பார்த்தேன். கறுப்பு என்று சொல்ல முடியாது, பழுப்பு. எருவிலிருந்து தானாக முளைப்பதைத்தான் வேண்டும் என்பவர்கள் இதோடு திருப்தியடையலாம். தானாக வந்தது எதையும் நான் வாயில் வைப்பதில்லை. அது வேறு பாடம், சிலர் உயிரைக் கொடுத்துக் கற்றது.

இந்த விவசாயத்தின் ஊர் பாரிஸ். 1707-ல் தூர்ன்ஃபோர் என்கிற தாவரவியலாளர் குதிரை லத்தியில் காளான் வளர்க்கும் முறையை அங்கே விஞ்ஞானக் கழகத்துக்கு எழுதிக்கொடுத்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நகரத்துக்கடியில் கட்டடக்கல் வெட்டியெடுத்த சுரங்கங்களுக்குள் அது இறங்கியது. மேலே குதிரைகள் நகரத்தை இழுத்துக்கொண்டிருந்தன. அவற்றின் லத்தி கீழே போயிற்று, காளான் மேலே வந்து சாப்பாட்டு மேஜைக்குப் போயிற்று. கார் வந்தது, குதிரை போயிற்று. 1930-களில் அமெரிக்காவில் ஸிண்டன் என்பவர் குதிரையில்லாத கம்போஸ்டைச் செய்துகாட்டினார். நம் தேசத்தில் 1961-ல் ஹிமாசலத்தின் ஸோலனில் இந்தக் காளானுக்கான ஆராய்ச்சி ஆரம்பமாயிற்று. இன்று கடன் மனுவில் கம்போஸ்ட் ஒரு வரியாகச் சுருங்கியிருப்பதன் சரித்திரம் ஏறத்தாழ இது.

நவீனத்துவத்துக்கும் காளானுக்கும் உள்ள உறவு தனிக் கட்டுரைக்கான விஷயம். ஸில்வியா ப்ளாத் 1959-ல் எழுதிய கவிதையில் காளான்களே ‘நாங்கள்’ என்று பேசுகின்றன. லத்தியின் பேச்சு அதில் இல்லை. அதே வருஷம் ஜான் கேஜ் இத்தாலியத் தொலைக்காட்சியில் காளானைப் பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்லிப் பரிசு வாங்கினார். ஆங்கில அகராதியில் சங்கீதமும் காளானும் பக்கத்தில் பக்கத்தில் வருகின்றன என்பது அவருக்குப் பிரியமான வேடிக்கை. நம் அகராதியில் காளமேகம் தாண்டிச் சற்றுத் தூரத்தில் காளான். இரண்டு பொருளில் பாடியவரின் அண்டை வீட்டான்.

வித்து என்று சொல்வது வேகவைத்த தானியத்தில் பூஞ்சை இழையைப் படரவிட்டது. நூறு கிலோ கம்போஸ்டுக்கு முக்கால் கிலோ போதும். மரத்தட்டுகளில் கலந்து பரப்பி, நனைத்த செய்தித்தாளால் மூட வேண்டும். சில இலக்கிய இணைப்புகளை இதற்கு உபயோகித்தேன்; ஈரம் நன்றாகத் தாங்கின. தட்டுகளுக்கு என் புத்தக அறையைத் தவிர வேறு இடமில்லை. 24 டிகிரியில் இரண்டு வாரத்தில் இழை ஓடி முடியும் என்பார்கள். என் அறையின் குளிரில் நாலு வாரம் ஆயிற்று. கறுத்த கம்போஸ்ட் முழுக்க வெள்ளை நூல், காளான் வாசனை.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. இழை ஓடி முடிந்த தட்டை அப்படியே விட்டுவைத்தால் காளான் வராது. வந்தாலும் பேருக்கு ஒன்றிரண்டு. தின்னத் தின்னச் சாப்பாடு, வேண்டிய ஈரம், வேண்டிய சூடு எல்லாம் இருந்தும் இழை மேலும் இழையாகவே போய்க்கொண்டிருக்கும். அதன்மேல் ஒன்றரை அங்குலத்துக்குச் சாரமில்லாத மண்ணைப் போட வேண்டும். உறை மண் என்கிறார்கள். நான் மக்கி மக்கிச் சத்தெல்லாம் போன பழைய எருவோடு மண் கலந்து ஆவியில் வேகவைத்தேன். (வெந்நீர்த் தவலையை அம்மா தரவில்லை, தகர டின்னில் வைத்தேன்.) அந்த மண்ணில் காளானுக்குச் சாப்பிட ஒன்றுமில்லை. இழை அதில் ஏறி வந்து, அங்கே உள்ள சில பாக்டீரியாக்கள் அது விடுகிற ஆவிகளைத் தின்று தீர்த்த பிறகு, ஜன்னலைத் திறந்து காற்றையும் குளிரையும் விட்டால் – பதினாறு டிகிரி, ஊட்டிக்குச் சிரமமில்லை – அப்போதுதான் முடிச்சு விழுகிறது. குண்டூசித் தலையளவு, பிறகு பட்டாணி, ஒரு வாரத்தில் மொட்டு. செழிப்பில் உடம்பு வளர்கிறது, வறண்ட மண்ணில் காய்க்கிறது. இதைப் படித்ததும் இங்கே யாருக்கெல்லாம் கை பரபரக்கும் என்பது எனக்குத் தெரியும். எனக்கும் பரபரத்தது. ஆனால் அந்த மண்ணுக்கடியில் இருபத்தெட்டு நாள் புரட்டிய லத்தி இல்லாமல் மேல்மண் மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற கவிஞர்கள் சிலரை நினைத்து எழுதாமல் விட்டேன்.

முதல் அறுவடை இரண்டு கிலோ நானூறு கிராம். கொட்டகையில் மின்சார அடுப்பு வைத்து, மிளகும் உப்பும் போட்டு வதக்கித் தின்றேன். பார்த்துக்கொண்டே நின்ற அம்மா, ‘‘ருசியா இருக்கா?’’ என்றாள். இருக்கு என்றேன். ‘‘எப்படி?’’ சொல்லத் தெரியவில்லை. விமர்சகனிடம் இருந்த சொல் ஒன்றும் உதவவில்லை. கத்தரிக்காயும் இல்லை, பன்னீரும் இல்லை, மழை மண்ணை வாயில் போட்டதுபோல் என்று என்னவோ சொன்னேன். ‘‘நான் அன்னிக்கே சொன்னேனே’’ என்று உள்ளே போய்விட்டாள். தின்னவில்லை, தின்னப்போவதுமில்லை. இரண்டாம் வருஷத்திலிருந்து கதவை மட்டும் சாத்துவதில்லை.

குதிரைக்காரருக்கு அரைக் கிலோ கொண்டுபோய்க் கொடுத்தேன். பையைத் திறந்து பார்த்து, ‘‘நம்ம குதிரைதா சார் இது?’’ என்றார். ஆமாம் என்றேன். கடையில் என்ன விலைக்குப் போகிறது என்று கேட்டார். சொன்னேன். சற்று நேரம் குதிரையின் முதுகைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, அடுத்த தடவையிலிருந்து மூட்டைக்கு முப்பது ரூபாய் ஆகும் என்றார்.