கடைசி மனிதனுக்குப் பேர் போட்டது யார்?

இரண்டாம் வருடத்தில் சூழல் ஒழுக்கவியல் என்றொரு பாடத்தைத் தெரிவுசெய்தோம். உண்மையைச் சொன்னால், அதற்குக் காரணம் சூழலும் இல்லை, ஒழுக்கமும் இல்லை. வெள்ளிக்கிழமை பின்னேரம் லெக்சர் இல்லாத பாடம் அது ஒன்றுதான். மத்தியானமே கண்டிக்குப் போய் குட்செட்டில் பஸ் ஏறினால் இருட்டுவதற்குள் வீட்டுக்குப் போய்விடலாம். நாங்கள் மூன்று பேர். பேராதனையில் ஒரே போர்டிங், ஒரே அறை. இரண்டு பேருக்குப் புசல்லாவைப் பக்கம், ஒருத்திக்குக் கலஹா. மூன்று வீட்டிலும் அம்மாமார் கொழுந்து பறிக்கிறவர்கள்.

முதல் லெக்சரிலேயே சேர் ஒரு கதை சொன்னார். உலகத்தில் எல்லோரும் செத்துப்போய் ஒரேயொரு மனிதன் மிஞ்சியிருக்கிறான். அவனும் சாகப்போகிறான். சாவதற்கு முன்னால், மிச்சமிருக்கும் மரங்களை எல்லாம் வெட்டிச் சாய்க்கிறான். அதனால் பாதிக்கப்பட இனி மனிதர் யாரும் இல்லை. அவன் செய்தது பிழையா? 1973இல் ரிச்சர்ட் ரூட்லி என்ற தத்துவவியலாளர் கேட்ட கேள்வி இது. பிழைதான் என்று மனம் சொன்னால், மனிதனுக்குப் பயன்படுவதைத் தாண்டியும் மரத்துக்கு ஒரு பெறுமதி இருக்கிறது என்று நீங்கள் ஒத்துக்கொள்கிறீர்கள்.

வகுப்பில் கிட்டத்தட்ட எல்லோரும் "பிழை" என்றார்கள். எங்களில் ஒருத்தி பின்வாங்கில் இருந்து மெதுவாகக் கேட்டது எப்படியோ முன்வரிசை வரைக்கும் போய்விட்டது.

"அவனுக்கு யாரு சேர் பேர் போட்டது?"

தோட்டத்துக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறோம்: பேர் என்றால் எங்கள் ஊரில் ஒரு நாள் வேலையின் கணக்கு. கேட்ட கிலோவைப் பறித்தால் முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர். பேர் விழாமல் சும்மா போய் மலையில் மரம் வெட்டுகிற ஒருத்தரை நாங்கள் கண்டதில்லை. மரத்தை வெட்டச் சொன்னவர் எப்போதும் வேறு எங்கேயோ இருப்பார். அதனால்தான் அந்தக் கடைசி மனிதனை எங்களால் நம்ப முடியவில்லை.

சேர் கோபிக்கவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அதையே அசைன்மென்டா எழுதிக்கொண்டு வாங்க" என்றார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோம்.

முதலில் அது லேசான வேலை என்றுதான் நினைத்தோம். மலைநாட்டுக் காடு எப்படி அழிந்தது என்று எழுதினால் போதுமே. 1840இல் வந்த முடிக்குரிய காணிச் சட்டத்தால், உறுதி காட்ட முடியாத காடும் சேனை நிலமும் ஆங்கிலேய அரசின் சொத்தாகி, பிறகு தோட்டக்காரர்களுக்கு விற்கப்பட்டன. கோப்பி வந்தது. 1869இல் இலைத்துரு நோய் தலைகாட்டி, கோப்பி பட்டுப்போனது. அதற்கு இரண்டு வருடம் முந்தியே, 1867இல், ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை போட்டிருந்தார். கலஹாவில் இருந்து அது பெரிய தூரம் இல்லை. ஸ்கூலில் அங்கே டிரிப் கூட்டிப்போய், அவர் உட்கார்ந்த கல் இருக்கையைக் காட்டினார்கள். யார் காடு வெட்டினார்கள் என்று யாரும் காட்டவில்லை. வெட்டியது எங்கள் ஆட்கள். தமிழ்நாட்டில் பஞ்சம் தாங்காமல் மன்னாரில் இறங்கி, மாத்தளை வரை காட்டு வழியே நடந்து வந்தவர்கள்.

அப்படியானால் மலையை அழித்த பாவம் எங்கள் பூட்டனுக்கா? கத்தி அவர் கையில் இருந்தது. இலாபம் லண்டனில் இருந்தது. பாடப்புத்தகம் இரண்டையும் சேர்த்து "மனிதன் இயற்கையை அழித்தான்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறது. அந்த 'மனிதன்' என்ற சொல்லில்தான் எங்களுக்குச் சண்டை.

இந்தச் சண்டையை எங்களுக்கு முன்பே ஒருத்தர் போட்டிருக்கிறார் என்று லைப்ரரியில் கண்டோம். நோர்வேயின் ஆர்னே நேஸ் 1973இல் ஆழச் சூழலியல் என்று பெயர் வைத்துத் தொடக்கிய சிந்தனை, மனிதனை மையத்தில் இருந்து இறக்கச் சொல்கிறது. 1989இல் ராமச்சந்திர குஹா அதற்கு மறுப்பு எழுதினார். மனிதனா இயற்கையா என்ற இந்தப் பிரிப்பு இந்தியா போன்ற நாடுகளுக்குப் பொருந்தாது, அங்கே காட்டைக் காப்பதன் விலையை ஏழைகள் கட்டுகிறார்கள் என்பது அவருடைய வாதம். வாசித்து முடித்த இரவு எங்களுக்குப் பெரிய சந்தோஷம். நாங்கள் சொன்னதையே ஒரு பெரிய ஆள் சொல்லியிருக்கிறார்! கொத்து வாங்கிச் சாப்பிட்டோம்.

உதாரணமும் கையில் இருந்தது. 2021 மார்ச்சில் தோட்டச் சம்பளம் ஒரு நாளைக்கு 1000 ரூபாய் என்று வர்த்தமானி வந்தது. மே மாதம் இரசாயன உர இறக்குமதி ஒரேயடியாகத் தடை. நாடு முழுக்க இயற்கை விவசாயம் என்றார்கள். அப்போது நாங்கள் ஏ.எல். கொரோனாவால் ஸ்கூல் மூடி வீட்டில் இருந்தோம். அதனால் எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தோம். உரம் இல்லாத செடி கொழுந்து தருமா? 18 கிலோ, சில தோட்டத்தில் 20 கிலோ பறித்தால்தான் அந்த ஆயிரம். செடியில் கொழுந்து இல்லை என்று தராசுக்குத் தெரியாது. அரைப்பேர் விழுந்த நாட்களில் அம்மா படங்கை அவிழ்த்து எறிகிற சத்தத்திலேயே எங்களுக்கு விளங்கிவிடும். நவம்பரில் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ கிளாஸ்கோ காலநிலை மாநாட்டுக்குப் போய் இந்தக் கொள்கையைப் பெருமையாகப் பேசினார். அதே மாதம் 24ஆம் திகதி தடையை எடுத்துவிட்டார்கள். செடி அவ்வளவு சீக்கிரம் எழும்பவில்லை. 2022இல் நாட்டின் தேயிலை உற்பத்தி 25 கோடி கிலோ அளவுக்கு இறங்கியது. 25 வருடத்துக்கு மேல் காணாத வீழ்ச்சி.

அதற்கு முந்தி 2015இல் கிளைபோசேட் தடை. புல் இடுப்பளவு வளர்ந்தது. அட்டை, பாம்பு, குளவிக்கூடு எல்லாம் அந்தப் புல்லுக்குள்தான். 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தளர்த்தினார்கள். புல்லுக்கு மருந்தடிக்க ஆள் வந்ததும் எங்கள் லயத்தில் எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். முதுகில் டேங்கைச் சுமந்து, முகத்துக்கு ஒன்றும் கட்டாமல் அடித்த மாமாவும் உட்பட.

இதையெல்லாம் வகுப்பில் பிரசன்டேஷனாகச் செய்தோம். நன்றாகப் போனது. கைதட்டினார்கள். "சூழல் நல்லா இருக்கணும்னு கொழும்பில் இருந்து முடிவெடுக்கிறாங்க. முதுகு வளைஞ்சு விலை குடுக்கிறது எங்க அம்மா" என்று முடித்தோம். அப்போது எங்கள் பெட்ச் தோழி ஒருத்தி எழும்பினாள். கெக்கிராவப் பக்கம் ஊர். அதிகம் பேசாதவள்.

"எங்கட வாப்பாக்கு கிட்னி வருத்தம்" என்றாள். "எங்கட ரோட்டில மட்டும் நாலு பேருக்கு. கிளைபோசேட் நிப்பாட்டினப்ப எங்கட ஊர்ல எல்லாரும் சந்தோஷப்பட்டாங்க."

உட்கார்ந்துவிட்டாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

வடமத்திய மாகாணத்தில் 1990களில் இருந்து பரவிய அந்தச் சிறுநீரக நோயைப் பற்றி எங்களுக்குத் தெரியாமல் இல்லை. 2015 தடைக்குச் சொன்ன காரணமே அதுதான். கிளாஸ்கோவில் சொன்னதும் அதுதான். எதனால் அந்த நோய் வருகிறது என்று விஞ்ஞானிகள் இன்னும் ஒத்த முடிவுக்கு வரவில்லை. கிணற்றின் கடினநீர், புளோரைட், விவசாய மருந்து, வெயிலில் தண்ணீர் குடிக்காமல் செய்யும் வேலை என்று பல சந்தேகங்கள். இந்த வாதங்களை அவளிடம் எடுத்துச் சொல்லியிருக்கலாம். நல்லவேளை, சொல்லவில்லை. அப்பாவுக்கு வருத்தம் என்று ஒருத்தி சொல்லும்போது "அது நிரூபிக்கப்படவில்லை" என்று பதில் சொல்வது, கொழுந்து இல்லாத செடிக்கு முன்னால் தராசை நீட்டுகிற வேலைதானே.

அடுத்த இரண்டு கிழமையும் அசைன்மென்டை யாரும் தொடவில்லை. கன்டீனில் அவளைக் கண்டால் ஒரு சிரிப்பு, அவ்வளவுதான்.

பிறகு வகுப்போடு பொல்கொல்லவுக்குப் போனோம். கண்டிக்குப் பக்கத்தில், மகாவலியை மறித்துக் கட்டிய அணை. பெரிதாக இருக்கும் என்று நினைத்துப் போனால் ஏமாற்றம்தான். உயரமில்லாத ஒரு கட்டு, கதவுகள், தேங்கி நிற்கும் பழுப்புத் தண்ணீர். வீதியோரம் நின்றபடி சேர் நீதியரசர் வீரமந்திரியைப் பற்றிச் சொன்னார். 1997இல் சர்வதேச நீதிமன்றத்தில் டனூப் நதி வழக்கில் அவர் எழுதிய தனித் தீர்ப்பில் இலங்கையின் பழைய குளங்களைப் பற்றி எழுதியிருக்கிறார். நிலத்துக்கு அரசன் உரிமைக்காரன் இல்லை, காவல்காரன் மட்டுமே என்று மகிந்த தேரர் தேவநம்பிய தீசனுக்குச் சொன்னதையும் எடுத்துக்காட்டியிருக்கிறார். நல்ல விஷயம்தான். ஆனால் எங்கள் கவனம் தண்ணீரில் இருந்தது.

கெக்கிராவத் தோழி பக்கத்தில் வந்து நின்றாள். "இந்தத் தண்ணி எங்க போகுது தெரியுமா?" என்று கேட்டாள்.

திருகோணமலைக் கடலுக்கு என்றோம். ஸ்கூலில் படித்தது.

"அது மிச்சம். இதில ஒரு பங்கு எங்கட ஊருக்கு."

1976இல் இருந்து அப்படித்தான். அணையில் மறிக்கும் நீரில் ஒரு பகுதி மலைக்குள் 8 கிலோமீட்டர் அளவு சுரங்கத்தில் ஓடி உக்குவெலவில் மின்சாரம் எடுத்துக்கொடுத்து, சுது கங்கையிலும் அம்பன் கங்கையிலும் சேர்ந்து, போவத்தென்னவில் திரும்பி, கலாவெவவுக்குப் போகிறது. கலாவெவ கெக்கிராவக்குப் பக்கத்துக் குளம். அவளுடைய வாப்பாவின் வயலுக்கு வாய்க்கால் அங்கிருந்துதான்.

புசல்லாவை ஓடைகளும் கலஹா ஓடைகளும் பொல்கொல்லவுக்கு மேலேயே மகாவலியில் விழுந்துவிடுகின்றன. மழைக்காலத்தில் லயத்துக்குப் பின்னால் உரச் சாக்குக் கழுவிய தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று எங்களுக்குத் தெரியும். மலைத்தோட்டத்து உரமும் நஞ்சும் ஆற்றோடு வடமத்திக்குப் போகிறது என்று வாதிட்ட ஆய்வாளர்கள் இருக்கிறார்கள், அதை மறுத்தவர்களும் இருக்கிறார்கள். அந்த வாதத்தில் யார் வென்றாலும், அன்று அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றது நாங்கள் நான்கு பேரும்தான். "யாரு பேர் போட்டது?" என்ற கேள்வியை நாங்கள் கேட்டபோது அது ஒரு நல்ல தப்பித்தலாகவும் இருந்திருக்கிறது. பேர் போட்டவன் மேலே இருக்கிறான், சரி. கீழே இருப்பவர்களை நாங்கள் எண்ணவே இல்லை.

அவளிடம் சொன்னோம். அவள் சிரித்துவிட்டு, "நானும் அண்டைக்கு ஒங்கட உம்மாமார யோசிக்கல்ல" என்றாள்.

அசைன்மென்டை நான்கு பேராக எழுதினோம். சேர் அனுமதித்தார். எழுதும்போதுதான் விளங்கியது, எங்கள் எல்லோருடைய கேள்விக்கும் பதில் தெரிந்த ஒருத்தரிடம் நாங்கள் இன்னும் கேட்கவே இல்லை என்று. கலஹாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தோம். "அம்மா, புல்லுக்கு மருந்தடிக்கிறத நிப்பாட்டினா என்ன செய்யலாம்?"

"நாங்க சின்னப் புள்ளையா இருக்கையில மருந்தா அடிச்சாங்க? கையாலதான் புல்லு வெட்டுனாங்க. அதுக்குன்னு தனியா ஆள் போட்டாங்க, பேர் போட்டாங்க. இப்பவும் போடலாம். ஆனா கொழுந்துக் கிலோவக் கொறைக்கணும். அதையும் செய்ய மாட்டாங்க, இதையும் செய்ய மாட்டாங்க. எதுக்குக் கேக்குறீங்க?"

கெக்கிராவக் கதையைச் சொன்னோம். பொல்கொல்லவைச் சொன்னோம். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமில்லை. லைன் வெட்டுப்பட்டுவிட்டது என்று நினைத்தோம்.

"அந்தப் புள்ள பக்கத்துல இருக்கா?" என்று அம்மா கேட்டார். "போனக் குடு. வாப்பாவுக்கு இப்ப எப்புடி இருக்குன்னு கேக்கணும்."