பிடி அரிசியும் கடை விளம்பரமும்

முன்னாளில் நம் இல்லங்களில் பிடி அரிசிக் கலயம் என்று ஒன்று இருந்தது. உலையில் அரிசி இடுமுன் இல்லத்தரசி ஒரு பிடியை எடுத்து அக்கலயத்தில் இட்டுவைப்பார். அன்றைய சோற்றில் அப்பிடி குறைந்ததை எவரும் உணர்ந்ததில்லை. ஆயினும் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் விருதுநகரில் தோன்றிய சத்திரிய வித்தியாசாலை, வணிகக் குடும்பங்கள் இவ்வாறு சேர்த்தளித்த பிடி அரிசியின் துணைகொண்டு பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டியது. பெருந்தலைவர் காமராஜர் பயின்ற பள்ளி அது. நாள்தோறும் ஒரு பிடி என்னும் ஒழுங்குக்கு உள்ள ஆற்றல் அத்தகையது.

சிறுகடை நடத்தும் நம் குடும்பங்கள் இவ்வொழுங்கைத் தம் நேரத்திலும் கைக்கொள்ளலாம் என்பதே ஈண்டு நாம் சொல்ல விழைவது.

நம் பங்கில் கணவனும் மனைவியுமாகத் தையற்கடை நடத்தும் குடும்பம் ஒன்று உண்டு. இரண்டு தையல் இயந்திரங்கள். பள்ளி செல்லும் இரண்டு பிள்ளைகள். மே மாத இறுதியில் சீருடைத் துணிகள் வந்து குவியும். தீபாவளிக்கும் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கும் கடையில் நள்ளிரவு வரை விளக்கு எரியும். பின்னர், "ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறோம் சாமி" என்று கணவர் கைபிசைவார். அவ்வேளையில் கடன் வாங்கி 2,000 துண்டுப் பிரசுரங்களை அச்சிட்டு, நாளிதழுக்குள் வைத்து வீடுதோறும் அனுப்புவார். "இடையிடையே நாலு பேருக்கு நினைவூட்டக் கூடாதா?" என்று நாம் வினவினோம். "தைக்கவே நேரம் போதவில்லை சாமி, விளம்பரத்துக்கு எங்கே போவது?" என்றார் மனைவி.

அவர் கூறியதில் பொய்யில்லை. வேலை மிகுந்த நாளில் விளம்பரத்துக்கு நேரமில்லை. வேலையற்ற நாளில் செய்யும் விளம்பரமோ காலங்கடந்தது. துண்டுப் பிரசுரம் கைக்கு வந்த அன்றே எவரும் இரவிக்கை தைக்கக் கொடுப்பதில்லை. தேவை எழும் நாளில் எக்கடை நினைவுக்கு வருகிறதோ அக்கடையை நாடியே செல்கின்றனர். ஆதலின் ஆண்டுக்கு ஒருமுறை உரக்கக் கூவுவதினும், நாள்தோறும் மெல்ல நினைவூட்டுவதே பயன்தரும் அன்றோ?

அக்குடும்பத்தாரோடு அமர்ந்து ஓர் ஒழுங்கை வகுத்தோம். புதிதாக நேரம் தேட வேண்டியதில்லை. ஏற்கெனவே செய்துவரும் ஒரு வேலையோடு ஒவ்வொன்றையும் பிணைத்துவிட வேண்டும் என்பதே அதன் அடிப்படை.

காலையில் கடை திறந்து கூட்டிப் பெருக்கியதும், முந்தைய நாள் தைத்து முடித்த ஆடை ஒன்றை, உரியவரின் இசைவோடு, கைபேசியில் படமெடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் இடுதல். அது 24 மணி நேரம் நிற்கும். இதற்கு 5 நிமிடம். பிற்பகலில் கூட்டம் குறைந்திருக்கையில், வந்துள்ள வினாக்களுக்கு விடையளித்தல். 2018-இல் வெளிவந்த வாட்ஸ்அப் பிசினஸ் செயலி சிறு வணிகர்க்கென்றே அமைந்தது. கூலி எவ்வளவு, எத்தனை நாளாகும், எப்போது அளவெடுக்க வரலாம் என்னும் வழக்கமான வினாக்களுக்கு உரிய விடைகளை அதில் முன்னரே எழுதி வைத்துக்கொள்ளலாம். இதற்கு 10 நிமிடம். இரவு கணக்கு முடிக்கையில், அன்று புதிதாக வந்தவர் யார், அவருக்கு நம் கடையைச் சொன்னவர் யார் என்பதை அதே நோட்டில் குறித்தல். இதற்கு 5 நிமிடம். ஆக, நாளொன்றுக்கு 20 நிமிடம்.

வாரத்தில் ஒருநாள் அரைமணி நேரம் ஒதுக்கி, கூகுள் வரைபடத்தில் கட்டணமின்றிப் பதிந்துவைத்த கடை விவரங்களைச் சரிபார்க்க வேண்டும். திறந்திருக்கும் என்று கண்டு பேருந்தேறி வந்தவர், பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பினால் மீண்டும் வருவாரா? அதிலேயே வாடிக்கையாளர் எழுதிய கருத்துகளுக்கு, அது குறையேயாயினும், பணிவாக மறுமொழி எழுதுதல் வேண்டும். கருத்து எழுதுமாறு கேட்பதில் தவறில்லை. பரிசு கொடுத்துப் புகழ்ச்சி வாங்குவது அந்நிறுவனத்தின் விதிக்கே முரணானது.

மாதம் ஒருமுறை நாட்காட்டியை விரித்து முன்னோக்க வேண்டும். தவக்காலத்தில் நம் பங்குகளில் திருமணங்கள் அரிது. உயிர்ப்புப் பெருவிழா கழிந்ததும் அடுத்தடுத்து நிகழும். ஆகவே திருநீற்றுப் புதனையொட்டியே மணவீட்டாருக்குச் செய்தி செல்ல வேண்டும். ஆவணி முகூர்த்தங்களுக்கு ஆடியிலேயே சொல்ல வேண்டும். வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியலுக்கு 256 பேர் வரை ஒரே செய்தியை அனுப்பலாம். நம் எண்ணைப் பதிந்து வைத்திருப்போருக்கே அது சென்றடையும். இசைவு தந்தவர்க்கு மட்டும், மாதம் இருமுறைக்கு மேற்படாமல் அனுப்புவது நன்று. நாள்தோறும் கதவைத் தட்டும் விருந்தினரை எவர் விரும்புவர்?

இவ்வொழுங்குக்கு ஒரு வேலியும் தேவை. குறித்த நேரம் முடிந்ததும் கைபேசியைக் கீழே வைத்துவிட வேண்டும். விளம்பரம் செய்வதாக எண்ணிக்கொண்டு, பிறர் இட்ட படங்களைப் பார்த்தே ஒரு மணி நேரத்தைத் தொலைப்போர் பலர்.

இவை யாவற்றினும் மேலான விளம்பரம் சொன்ன நாளில் துணியைத் தைத்துக் கொடுப்பதே. தைக்க இயலாத அளவுக்கு வேலையை வரவழைக்கும் விளம்பரம் கடைக்குத் தீங்கே செய்யும். எனவே, "டிசம்பர் 10-க்குப் பின் விழாக்கால உடைகளுக்குத் துணி ஏற்கப்படமாட்டாது" என்று நவம்பர் தொடக்கத்திலேயே அறிவிக்கச் சொன்னோம். வருவோரைத் தடுப்பதா என்று கணவர் முதலில் தயங்கினார். ஆனால் அறிவிப்பைக் கண்டவர்கள் முன்கூட்டியே துணியைக் கொண்டுவந்தனர். ஒரே வாரத்தில் நெருக்கிய வேலை ஐந்து வாரங்களுக்குப் பரவியது.

ஓராண்டு கடந்துவிட்டது. அக்கடை பெருங்கடையாகிவிடவில்லை, மூன்றாம் இயந்திரமும் வரவில்லை. ஆனால் சென்ற தவக்காலத்தில் இருந்த இரண்டும் ஓய்ந்திருக்கவில்லை. துண்டுப் பிரசுரத்துக்குக் கடன் வாங்கும் தேவையும் எழவில்லை. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்தைய வாரத்தில் இரவு 9 மணிக்கே கதவடைத்தனர். பல ஆண்டுகளுக்குப் பின் அவ்வாண்டுதான் பெற்றோரும் பிள்ளைகளும் ஒன்றாக அமர்ந்து வீட்டில் குடில் கட்டினர்.

கடை நடத்தும் அன்பர்களே, நேரமில்லை என்னும் சொல்லை நாம் நாள்தோறும் செவியுறுகிறோம். அது உண்மையே. ஆயினும் நெல் மிகுந்த வீட்டில் மட்டுமா அக்கலயம் நிறைந்தது? இன்றிரவு கணக்கை முடிக்கையில் நோட்டில் ஒரே ஒரு வரியை எழுதித் தொடங்குங்கள். உங்களுக்காக வீட்டில் விழித்திருக்கும் பிள்ளைகளுக்கு அதன் பயன் ஒருநாள் சென்று சேரும்.