செங்கல் கட்டடமும் கற்கண்டும்

சர்தார் படேல் சாலை நெரிசலில் பஸ் நின்றுவிட்டால் டிரைவரைத் திட்டாதீர்கள். அண்ணா பல்கலைக்கழக கேட்டுக்குள் எட்டிப் பாருங்கள். மரங்களுக்கு நடுவே செக்கச் செவேலென்று... கிண்டி பொறியியல் கல்லூரி!

முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவோர்தான் அதிகம். நான் பின்பக்கமும் ஒரு நடை போய் வந்தேன்.

1794-ல் செயின்ட் ஜார்ஜ் கோட்டைப் பக்கம், எட்டே எட்டுப் பையன்களோடு தொடங்கிய சர்வே பள்ளிக்கூடம் இது. கம்பெனிக்காரனுக்கு நிலம் அளக்க ஆள் வேண்டும். அளந்தால்தானே வரி போடலாம்! கிண்டிக்கு வந்தது 1920-ல். கைக்குழந்தையோடு பதினெட்டு வயதில் விதவையான லலிதா, ஆண்களே நிறைந்த இந்தக் கல்லூரியில் சேர்ந்து, 1943-ல் எலெக்ட்ரிகல் எஞ்சினீயராக வெளியே வந்தார். அந்தக் காலத்தில் என்ன துணிச்சல்!

அன்று சங்கிலி பிடித்து அளந்த ஏரியையும் வயலையும், இன்று உள்ளே இருக்கும் தொலையுணர்வு மையத்தில் செயற்கைக்கோள் படத்தை வைத்து அளக்கிறார்கள். வெயிலில் அலைச்சல் மிச்சம்.

எனக்குப் பிடித்தது படிக வளர்ப்பு மையம்தான். ஆமாம், படிகத்தை 'வளர்க்கிறார்கள்'! கரைசலின் சூடு துளி ஏறாமல், இறங்காமல் வாரக்கணக்கில் காவல் இருக்க வேண்டும். சூடு கொஞ்சம் தாறுமாறானால் போச்சு, விரிசல்! மறுபடி முதலிலிருந்து. லேசர் கருவிக்கு உதவுகிற சரக்கு, கடைசியில் கைக்கு வரும்போது கற்கண்டு சைஸில்தான் இருக்கும்.

தப்பித்தவறி வாயில் போட்டுடாதீங்க சார்... ஒருத்தரோட டாக்டர் பட்டமே அதுலதான் இருக்கு!